சிடிடி கருவிப் பராமரிப்பு

சிடிடி கருவி என்பது கடல்நீரின் மின்கடத்துதிறன், வெப்பநிலை, ஆழம் ஆகிய மூன்றையும் ஒருசேர அளக்கும் கடலியல் கருவி ஆகும். இம்மூன்றின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துக்களே இதன் பெயராயின. கப்பலிலிருந்து வடத்தில் இறக்கப்படும் கருவிகளிலும், நங்கூரமிட்ட மிதவைகளிலும், தாமே மூழ்கி எழும் ஆர்கோ மிதவைகளிலும் இதன் உணரிகள் பயன்படுகின்றன. இவற்றைத் தூய்மையாக வைத்தல், நீர்க்கசிவிலிருந்து காத்தல், அளவுத்திருத்தம் செய்தல் ஆகியன இதன் பராமரிப்பில் அடங்கும்.

முக்கியத்துவம்

கடல்நீரின் உவர்ப்புத்தன்மை, கடத்துதிறன், வெப்பநிலை, அழுத்தம் ஆகியவற்றிலிருந்து கணக்கிடப்படுகிறது. ஆழ்கடலில் இது 35 ஐ ஒட்டியே இருக்கும். அங்கு பல ஆண்டுகளில் ஏற்படும் மாற்றமும் மிகச் சிறியது. ஆர்கோ திட்டம் 0.01 அளவிலான துல்லியத்தை இலக்காகக் கொண்டுள்ளது. பிழை இதனை மிஞ்சினால், கருவியின் பிழை எது, கடலின் மாற்றம் எது எனப் பிரித்தறிவது கடினம்.

2006 இல் வெளியான ஓர் ஆய்வு, 2003 முதல் 2005 வரை மேற்கடல் குளிர்ந்ததாகக் காட்டியது. சில ஆர்கோ மிதவைகளின் அளவுகள் தவறான ஆழங்களுடன் இணைக்கப்பட்டிருந்ததும், கப்பல்களிலிருந்து வீசப்படும் ஒருமுறைப் பயன்பாட்டு வெப்பமானிகள் கூடுதல் வெப்பநிலை காட்டியதுமே இதற்குக் காரணம் என 2007 இல் அறியப்பட்டது.

கடத்துதிறன் கலம்

பல கருவிகளில் இக்கலம் பிளாட்டினம் மின்வாய்கள் பொருத்தப்பட்ட ஒரு கண்ணாடிக் குழாய் ஆகும். அதனுள் பாசியோ கொட்டலசுகளோ படிந்தால் குழாயின் உள்ளளவு சுருங்கி, உவர்ப்புத்தன்மை உண்மையைவிடக் குறைவாகப் பதிவாகும். எண்ணெய்ப் படலமும் அளவீட்டைக் கெடுக்கும். ஆகவே எண்ணெய் மிதக்கும் இடத்தில் கருவி இறக்கப்படுவதில்லை.

* ஒவ்வொரு முறை பயன்படுத்திய பின்னும் கலம் தூய நன்னீரால் அலசப்படுகிறது.
* எண்ணெய்ப் பிசுக்கை நீக்க மென்மையான சலவைக் கரைசலும், உயிரிப் படிவை நீக்க நீர்த்த வெளுப்பான் கரைசலும் பயன்படுகின்றன.
* தூரிகையையோ கம்பியையோ உள்ளே செலுத்தக் கூடாது. மின்வாய்களின் மேலுள்ள பிளாட்டினப் பூச்சு உரிந்துவிடும்.
* குளிர்ப் பகுதிகளில் கலத்தினுள் நீர் உறைந்தால் கண்ணாடி வெடிக்கும்.

நீர்க்கசிவுத் தடுப்பு

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. 2000 மீட்டரில் இது சுமார் 200 மடங்காகும். மூடிகளிலுள்ள இரப்பர் வளையத்தில் ஒரு தலைமயிரோ உப்புத் துகளோ சிக்கினாலும் நீர் புகக்கூடும். எனவே வளையங்கள் துடைத்துச் சோதிக்கப்பட்டு, மெல்லிய மசகு பூசப்படுகின்றன. நீர் புகுந்த கருவியினுள் உயர் அழுத்தம் தேங்கியிருக்கலாம். மூடி திடீரெனத் தெறிக்கும் அபாயம் உள்ளதால், அதற்கு நேரெதிரே எவரும் நிற்கலாகாது.

நீண்டகாலப் பயன்பாடு

வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பில் உயிரிப் படிவு விரைவாக நிகழ்கிறது. இதனைத் தடுக்கச் செப்புப் பாகங்களும், கலத்தின் முனைகளில் நச்சு அடைப்புகளும் பொருத்தப்படுகின்றன. இவ்வடைப்புகளைக் கையாளக் கையுறை அவசியம். ஆர்கோ மிதவைகள் பெரும்பாலும் மீட்கப்படுவதில்லை. எனவே அவற்றின் உவர்ப்பு அளவுகள் கப்பல்வழித் தரவுகளுடன் ஒப்பிட்டுப் பின்னர் திருத்தப்படுகின்றன.

அளவுத்திருத்தம்

கப்பல் பயணங்களில் சிடிடி கருவியுடன் இறக்கப்படும் குடுவைகளில் நீர் மாதிரி எடுக்கப்பட்டு, ஆய்வகத்தில் நியமக் கடல்நீருடன் ஒப்பிடப்படுகிறது. நீண்ட காலம் கடலில் இருந்து மீட்கப்பட்ட உணரியை முதலில் தூய்மை செய்யாமலேயே அளவுத்திருத்தம் செய்வது நல்ல வழக்கமாகும். கழுவிவிட்டால், படிவினால் ஏற்பட்ட பிழை எவ்வளவு என்பதை அறியும் வாய்ப்பும் அதனுடன் அழிந்துவிடும்.