கண்ணும் கேள்வியும் – 9: புரை முத்தட்டும் என்று காத்திருக்கலாமா?

புனேயின் கண் மருத்துவமனைகளில் வரிசையில் உட்கார்ந்திருக்கும் மராட்டி ஆஜி ஒருவர் மருத்துவரிடம் கேட்பது, “மோதிபிந்து பிக்லா கா?” கட்கியிலிருந்து வரும் தமிழ்ப் பாட்டி கேட்பது, “புரை முத்திடுச்சா டாக்டர்?” இரண்டும் ஒரே கேள்விதான். முத்தாத புரையில் கை வைக்கக் கூடாது என்ற நம்பிக்கைக்கு மொழி எல்லை கிடையாது.

அந்த நம்பிக்கை ஒரு காலத்தில் மருத்துவர்களே சொல்லிக்கொடுத்தது. நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு இந்தியாவில் பெரும்பாலும் கண்ணின் லென்ஸை உறையோடு சேர்த்து முழுதாக வெளியே எடுத்துவிடுவார்கள். கருவிழியின் ஓரத்தில் ஏறக்குறைய பாதி வட்டத்துக்குக் கீறல், தையல், தலையை அசைக்காமல் படுக்கை. எடுத்த இடத்தில் வேறு லென்ஸ் வைக்கும் வழக்கம் அப்போது பரவவில்லை. வீடு திரும்பும்போது கையில் கிடைப்பது பத்து பவர் சோடாபுட்டிக் கண்ணாடி. அதன் வழியே பார்த்தால் எல்லாமே கால் பங்கு பெரிதாகத் தெரியும். மாடிப்படி எங்கே முடிகிறது என்றே பிடிபடாது. ஒரு கண்ணுக்கு மட்டும் செய்தால் இரண்டு கண்ணின் உருவமும் ஒட்டாது. ஆகவே “இரண்டும் நன்றாக மங்கட்டும், அப்புறம் வாங்க” என்று அனுப்பிவைத்தார்கள். அன்றைக்கு அது சரியான அறிவுரை.

இன்றைக்கு நோயாளிகள் கேட்கும் கேள்விகளில் பாதி அந்தப் பழைய ஆபரேஷனைப் பற்றியவைதான். கண்ணை வெளியே எடுத்து வைத்துச் சரிசெய்வார்களா? மாட்டார்கள். குளிர்காலத்தில்தான் செய்ய வேண்டுமா? வேண்டியதில்லை, தீபாவளி முடியட்டும் என்று புனேக்காரர்கள் தள்ளிப்போடுவதற்கு மருத்துவக் காரணம் ஏதும் இல்லை. சொட்டு மருந்தில் கரையுமா? கரையாது, அப்படி விற்கப்படும் எதையும் நம்ப வேண்டாம். “லேசர்தானே டாக்டர்?” என்று கேட்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. பேகோ எனப்படும் முறையில் புரையை உடைப்பது லேசர் அல்ல, கேளா ஒலி அதிர்வு. பல்லில் படிந்த காரையை எடுக்கப் பல் மருத்துவர் பயன்படுத்திய கருவியைப் பார்த்துத்தான் நியூயார்க்கின் சார்லஸ் கெல்மன் 1967-இல் இதை உருவாக்கினார். மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான கீறல், பெரும்பாலும் தையல் கிடையாது, மடித்துச் செலுத்தும் லென்ஸ் உள்ளே போய் விரிந்துகொள்ளும்.

இந்த முறை வந்த பிறகு, காத்திருப்பதே சிக்கலாகிவிட்டது. முத்திய புரை இறுகிப்போகும். அதை உடைக்க அதிர்வின் ஆற்றலைக் கூட்ட வேண்டும். கருவிழியின் உட்பக்கத்தில் அதைத் தெளிவாக வைத்திருக்கும் செல்கள் அந்த அதிர்வில் அடிபடும். அவை மறுபடி வளர்வதில்லை. இன்னும் தள்ளிப்போட்டால் புரை கசிந்து, கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, தாங்க முடியாத வலியோடு நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓட நேரிடலாம்.

பேகோவா, சிறுகீறல் முறையா? பணத்தோடு சம்பந்தப்பட்ட இந்தக் கேள்விக்கு உலகம் கவனித்த பதில்களில் ஒன்று புனேயிலிருந்தே வந்தது. ஹடப்சர் பக்கம் முகமதுவாடியில் உள்ள ஹெச்.வி. தேசாய் கண் மருத்துவமனையை நடத்துவது பூனா பிளைண்ட் மென்ஸ் அசோசியேஷன். பார்வையற்றோருக்கான சங்கம், பார்வை போகாமல் காக்கும் வேலையையும் எடுத்துக்கொண்டது. முகாம்களிலிருந்து வரும் ஏழை நோயாளிகள் அங்கே ஏராளம். எல்லோருக்கும் பேகோ செய்யக் கட்டுப்படியாகாது. மலிவான முறையில் செய்தால் ஏழைக்கு இரண்டாம்தர வைத்தியமா என்ற உறுத்தல். அந்த மருத்துவமனையின் பரீக்ஷித் கோகடேயும் சக மருத்துவர்களும் 400 கண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குப் பேகோ. மறுபாதிக்கு ஆறேழு மில்லிமீட்டர் கீறல் வழியாகக் கையாலேயே புரையை எடுக்கும் சிறுகீறல் முறை.

முடிவு 2005-இல் வெளியானது. ஆறு வாரம் கழித்து, கண்ணாடி இல்லாமல் ஓரளவு நல்ல பார்வை பெற்றவர்கள் பேகோவில் நூற்றுக்கு 81 பேர், சிறுகீறலில் 71 பேர். கண்ணாடி போட்டுப் பார்த்தால்? இரண்டிலும் நூற்றுக்கு 98-க்கு மேல். செலவோ சிறுகீறலில் பாதிக்கும் குறைவு என்று அதே குழு பிறகு கணக்குப் போட்டுக் காட்டியது. அந்தப் பத்து பேரின் வித்தியாசம் ஸ்கூட்டரில் அலுவலகம் போகிறவருக்குப் பெரிதாக இருக்கலாம். கண்ணாடி போடத் தயங்காத விவசாயிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இறுகிப்போன புரைக்குச் சிறுகீறலைத் தேர்ந்தெடுக்கும் மருத்துவர் பழைய காலத்து ஆள் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. விளம்பரப் பலகைகள் இதைச் சொல்வதில்லை.

லென்ஸ் வைக்கும் யோசனையே ஒரு கேள்வியில் பிறந்ததுதான். லண்டனில் ஹரால்ட் ரிட்லி புரையை எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவ மாணவர் ஒருவர், எடுத்த இடத்தில் வேறு லென்ஸ் வைக்க மாட்டீர்களா என்று கேட்டுவைத்தார். போர் விமானிகளின் கண்ணில் குத்திய பிளாஸ்டிக் சில்லுகள் உள்ளேயே சாதுவாகக் கிடந்ததை ரிட்லி முன்பே கவனித்திருந்தார். 1949 நவம்பர் 29 அன்று முதல் லென்ஸை வைத்தார். இந்திய ஏழையின் கண்ணுக்கு அது வந்துசேர இன்னும் நாற்பது ஆண்டுக்கு மேல் பிடித்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் நிறுவனம் 1992-இல் உள்ளூரிலேயே தயாரிக்கத் தொடங்கிய பிறகுதான் அதன் விலை சில நூறு ரூபாய்க்கு இறங்கியது.

நோயாளிகள் கேட்க வேண்டிய, ஆனால் கேட்காத விஷயங்கள் சில உண்டு. எந்த நாட்டு லென்ஸ் என்று விசாரிப்பவர்கள், கண்ணை எப்படி அளந்தீர்கள் என்று விசாரிப்பதில்லை. கண்ணின் நீளத்தை ஒரு மில்லிமீட்டர் தவறாக அளந்தால் பவரில் இரண்டரை, மூன்று எண் பிசகிவிடும்; எத்தனை விலை உயர்ந்த லென்ஸும் அதை ஈடுகட்டாது. சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலும் அப்படித்தான். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். புராஸ்டேட் வீக்கத்துக்குச் சாப்பிடும் டாம்சுலோசினைச் சொல்லத் தாத்தாக்களுக்குக் கூச்சம், அல்லது கண்ணுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்ற எண்ணம். சம்பந்தம் இருக்கிறது. அந்த மருந்து கண் பாவையைச் சுற்றியுள்ள திரையைத் தளர்த்திவிடும். ஆபரேஷனின் நடுவில் பாவை சுருங்கி, திரை அலைபாயும். இதை 2005-இல்தான் மருத்துவ உலகம் அடையாளம் கண்டது. சில நாள் நிறுத்திவிட்டு வந்தாலும் போதாது. முன்கூட்டியே தெரிந்தால் மருத்துவர் அதற்குத் தயாராக இருப்பார்.

“புரை திரும்ப வருமா?” வராது. ஆனால் லென்ஸைத் தாங்கும் உறை சில மாதங்களிலோ வருடங்களிலோ மங்கலாம். அதற்கு உண்மையிலேயே லேசர்தான். சில நிமிட வேலை.

ஆபரேஷனுக்குப் பிறகு வெள்ளைச் சுவர் நீலமாகத் தெரிகிறது என்று பயப்படுகிறவர்களும் உண்டு. பழுப்பேறிய லென்ஸ் இத்தனை நாள் நீலத்தை வடிகட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவே. கண் சிவப்பது, வலி கூடுவது, தெளிந்த பார்வை மறுபடி குறைவது ஆகியவைதான் பயப்பட வேண்டியவை. அன்றைக்கே போக வேண்டும். மறுபரிசோதனைத் தேதி வரட்டும் என்று இருக்கக் கூடாது.

கண்ணாடி இல்லாமலே திடீரெனப் பேப்பர் படிக்க முடிகிறது என்று மகிழும் அறுபது வயதுக்காரர்களுக்கும், பார்வை மங்கினாலே மோதிபிந்து என்று தாமே முடிவுகட்டுகிறவர்களுக்கும் ஒரு பரிசோதனை தேவை. முதலாமவருக்குப் புரை தொடங்கியிருக்கக்கூடும். இரண்டாமவருக்கு இருப்பது மராட்டியில் காச்பிந்து எனப்படும் கண் நீர் அழுத்த நோயாக இருந்தால், அதில் போன பார்வையை எந்த ஆபரேஷனும் மீட்டுத் தராது. அதைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)