வேர் இழந்த மல்லிகையை மீட்கும் முறை

மல்லிகை பயிரிடும் நம் அங்கத்தினர்களுக்குக் கார்த்திகை தொடங்கித் தை முடியும் வரை ஆண்டுதோறும் ஒரு கவலை உண்டு. மழைக்காலம் வரையில் செழித்திருந்த செடி வெளுக்கிறது, இலை உதிர்கிறது, அரும்பு காண்பதில்லை. இதனைப் பிடுங்கி எறிந்து புதுக்கன்று நடுவதா, அன்றி இதனையே தேற்றி எடுப்பதா என்னும் கேள்வி எழுகிறது. பந்தல்குடி, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் நாம் தணிக்கைக்குச் செல்லுமிடங்களில் அடிக்கடி கேட்கப்படுவதும் இக்கேள்வியே.

இது சிறு விஷயமன்று. நன்கு பேணப்பட்ட மல்லிகைச் செடி 10 முதல் 15 ஆண்டுகள் வரை பலன் தரவல்லது. புதுக்கன்று நட்டால் குழி வெட்டும் கூலி, கன்றின் விலை, எரு, தண்ணீர் ஆகிய யாவும் மீண்டும் செலவாகும். முழு விளைச்சலுக்குச் சில ஆண்டுகள் காத்திருக்கவும் வேண்டும். இடைக்காலத்தில் கடனுக்கு வட்டி மட்டும் காத்திருப்பதில்லை. ஆகவே மீட்கக்கூடிய செடியை மீட்பதே குடும்பத்திற்கும் சங்கத்திற்கும் இலாபமாகும்.

முதலில் குளிரைப் பற்றிக் கூறுவோம். மல்லிகை வெப்ப நாட்டுச் செடி. நம் கரிசல் சீமையில் உறைபனி விழுவதில்லை. எனவே குளிரே செடியைக் கொல்வதில்லை. ஆயினும் மார்கழியின் இரவுக் குளிரில் செடியின் வளர்ச்சி மந்தப்படும், அரும்பு குறையும். எங்கும் பூ அரிதாவதால் சந்தையில் விலை ஏறிக் கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்பதும் உண்டு. 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு இக்காலத்தில் உள்ள கிராக்கியைச் சொல்ல வேண்டுவதில்லை. விலையைக் கண்ட விவசாயி, எப்படியாவது பூக்க வைக்க வேண்டுமென்று தண்ணீரும் யூரியாவும் மிகுதியாக இடுகிறார். கேடு இங்கேதான் தொடங்குகிறது.

வடகிழக்குப் பருவமழையில் நனைந்த கரிசல் மண் எளிதில் காய்வதில்லை. குளிர்ந்த மண்ணில் வேர் மெதுவாகவே நீரை உறிஞ்சும். மேலும் நீர் பாய்ச்சினால் மண்ணிலுள்ள காற்று வெளியேறி வேர் மூச்சுத் திணறும். நைந்த வேரில் அழுகல் பூஞ்சணம் நுழையும். வேர் அழிந்தபின் மண்ணில் ஈரம் இருந்தும் இலை வாடும். அவ்வாட்டத்தைத் தாகம் என்றெண்ணி மறுபடியும் மடையைத் திறப்பவர் உண்டு. ஈர மண்ணில் வாடும் செடிக்கு வேண்டுவது தண்ணீர் அன்று என்பதை அங்கத்தினர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

அடுத்து, நோய் இன்னதென்று அறிதல் வேண்டும். மல்லிகை மஞ்சளடிக்கப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் உண்டு. செடியின் தூரிலிருந்து ஓரடி தள்ளி மண்ணை மெதுவாகக் கிளறி, சில வேர்களை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தால் பெரும்பாலும் விளங்கிவிடும்.

முதலாவது, இரும்புச்சத்துக் குறைவு. இதில் வேர் வெண்மையாகவும் உறுதியாகவும் இருக்கும். கொழுந்திலைகள் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாய் நிற்கும். பந்தல்குடியில் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்கப்படுவதை யாவரும் அறிவர். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தும் செடிக்குக் கிட்டாது. இதற்கு லிட்டர் நீருக்கு 5 கிராம் வீதம் அன்னபேதி கரைத்து, மாதம் ஒருமுறை, பசுமை திரும்பும் வரை இலைமீது தெளித்தல் போதும். இச்செடியைப் பிடுங்குவது வீண் நஷ்டம்.

இரண்டாவது, நூற்புழு. வேரில் மணி கோத்தாற்போல் முடிச்சுகள் காணப்படும். தூரில் வேப்பம்புண்ணாக்கு இட்டு மண்ணோடு கலப்பதும், வரிசைகளுக்கிடையே செண்டுமல்லி பயிரிடுவதும் புழுவைக் குறைக்கும்.

மூன்றாவது, வேரழுகல். முதிர்ந்த இலைகள் முன்னதாக மஞ்சளித்து உதிரும். வேர் கறுத்து, இழுத்தால் பட்டை உருவிக்கொண்டு வரும். இதற்கே மிகுந்த கவனம் தேவை.

வேரழுகிய செடியை மீட்கும் வழி வருமாறு: முதலில் நீரை நிறுத்தி, தேங்கிய நீர் வடிய வாய்க்கால் வெட்ட வேண்டும். பின்னர் லிட்டர் நீருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து, தூரைச் சுற்றி மண் நனையுமாறு ஊற்ற வேண்டும். காய்ந்த, நோயுற்ற, மெலிந்த கிளைகளைக் கவாத்துச் செய்தல் அவசியம். வேர் குறைந்த செடியால் பழைய அளவு இலைகளுக்கு நீர் கொடுக்க இயலாது. ஆதலின் மேற்பாரத்தைக் குறைக்கிறோம். நல்ல செடியை நவம்பர் இறுதியில் 50 சென்டிமீட்டர் உயரத்திற்கு வெட்டுவது வழக்கம். நலிந்த செடியையோ முற்றிலும் மொட்டையாக்கலாகாது. புதுவேர் விடத் தேவையான உணவை எஞ்சிய இலைகளே சமைக்கின்றன.

புதுத்தளிர் தோன்றும் வரை இரசாயன உரம் ஒரு பிடியும் கூடாது. பாவில் இழைகள் அறுந்தால் நம் நெசவாளர் தறியை நிறுத்தி, இழைகளை முடிந்த பிறகே மேலே நெய்வார். அறுந்த பாவின்மீது ஊடையை ஓட்டுவாரில்லை. வேரற்ற செடிக்கு உரமிடுவதும் அவ்வாறே பயனற்றது. ஏற்காட்டில் இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் தோட்டத்தில் ஆர்க்கிட் செடிகள் வளர்க்கப்படுகின்றன. மரத்தில் தொற்றி வளரும் அவ்வகைச் செடி வேரிழந்தாலும், அழுகலை நீக்கி, நிழலும் மிதமான ஈரமும் தந்து, புதுவேர் காணும்வரை உரமிடாதிருப்பதே முறை. செடி வேறாயினும் விதி ஒன்றே.

மருந்து ஊற்றிப் பதினைந்து நாளேனும் கழிந்தபின், டிரைக்கோடெர்மா கலந்து வைத்த மக்கிய தொழுவுரத்தைத் தூரில் இடலாம். முன்னதாக இட்டால் தாமிர மருந்து அந்த நன்மை செய்யும் பூஞ்சணத்தையும் கெடுக்கும். தளிர் வந்து தேறிய செடிக்கு வழக்கப்படி ஆண்டிற்கு 10 கிலோ தொழுவுரமும், 60 கிராம் தழைச்சத்து, 120 கிராம் மணிச்சத்து, 120 கிராம் சாம்பல் சத்து ஆகியவற்றை இரு தவணைகளாகவும் அளிக்கலாம்.

எல்லாச் செடியும் பிழைக்கும் என்று கூறுவதற்கில்லை. தூரைச் சுற்றிலும் பட்டை அழுகியிருப்பின் அதனை வேரோடு அகற்றி எரித்துவிட வேண்டும். உடனே அக்குழியில் மறுகன்று நடலாகாது. நோயில்லாத மேற்கிளை இருந்தால் குச்சி எடுத்து மணலில் வேர்விடச் செய்யலாம். இராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்து மணற்பாங்கான நிலத்திலிருந்து மல்லிகைக் கன்றுகள் நெடுந்தூரம் செல்வதை அங்கத்தினர் அறிவர். காற்றோட்டமுள்ள மணல் வேருக்கு எத்துணை உகந்தது என்பதற்கு அதுவே சான்று.

ஆகவே, மறுநடவுக்குக் கடன் மனு எழுதுமுன் ஒவ்வொரு பாத்தியிலும் இரண்டு செடிகளின் வேரைப் பார்த்துவிடுங்கள். ஐயம் இருப்பின் மண்ணையும் வேரையும் எடுத்துக்கொண்டு அருப்புக்கோட்டை கோவிலாங்குளத்தில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழக மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் யோசனை கேளுங்கள். வேப்பம்புண்ணாக்கு, அன்னபேதி முதலியவற்றைப் பலர் சேர்ந்து சங்கத்தின் வாயிலாக மொத்தமாக வாங்கினால் செலவு குறையும். இவ்வாண்டு மார்கழியில் பூ குறைந்தாலும், வேர் பிழைத்த செடி பங்குனியில் மீண்டும் அரும்பு கட்டும்.