இரண்டாம் ஆட்டம் – 17: பாணனுக்கு ஒரு நாடக அரங்கம்

‘பால்டர்ஸ் கேட்’ கேமின் முதல் பாகம் 89,000 அனுபவப் புள்ளிகளோடு நம்மை நிறுத்திவிட்டது. 2000-இல் வந்த இரண்டாம் பாகம் அதே புள்ளியிலிருந்து ஆட்டத்தைத் தொடங்கியது. போன வாரம் அதுவரை பார்த்தோம்.

இந்த வாரம் ‘கிட்’ பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். பல கிளாஸ்களுக்குள், அதாவது கேரக்டரின் தொழில் வகைகளுக்குள், இரண்டாம் பாகம் பிரித்த உட்பிரிவுகள் அவை. ஆனால் வாரம் முழுக்க என் மனம் வேறோர் இடத்திலேயே கிடக்கிறது. முதலில் அதைச் சொல்லியாக வேண்டும்.

கேரக்டரை உருவாக்கும்போது ஒரு கிளாஸைத் தேர்ந்தெடுக்கிறோம். பிறகு அதை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? பல கேம்களில் அடி, தடுப்பு, மந்திரம் என்று எண்களுக்கு மட்டும்தான் அது தெரியும். பால்டர்ஸ் கேட்டை உருவாக்கிய பயோவேர் இரண்டாம் பாகத்தில் ஊரையே அதை நினைவில் வைக்கச் செய்தது. நாயகன் ஃபைட்டர் என்றால், ட்ரோல்களிடமிருந்து மீட்ட டி’ஆர்னிஸ் கோட்டை அவன் பொறுப்புக்கு வரும். வரியும் குடிகளின் வழக்குகளும் கூடவே வரும். மதகுருவுக்கு அவன் குணத்தைப் பொறுத்து லதாண்டர், ஹெல்ம், டேலோஸ் கோயில்களில் ஒன்று. மந்திரவாதிக்கு உலகம் விட்டு உலகம் தாவும் ஒரு பெரிய கோளமும் சில சீடர்களும். சக்திக்கு மீறிய வேலையைக் கொடுத்தால் அந்தச் சீடர்கள் செத்தே போவார்கள்!

என்னைக் கட்டிப்போட்டது பார்டு, அதாவது பாணன். சண்டைக்கென்று ஆடுகிறவர்கள் எளிதில் தொடாத கிளாஸ். அத்காட்லா நகரின் ‘ஃபைவ் ஃபிளாகன்ஸ்’ விடுதிக்கு அடியில் ஒரு நாடக அரங்கம் இருக்கிறது. வேற்றுலகிலிருந்து வந்து மாட்டிக்கொண்ட நாடகக் கம்பெனிக்கு நாம் உதவினால், அதன் தலைவி ராய்லிஸ் ஷாய் அரங்கத்தைப் பாணனிடம் விட்டுவிட்டுப் புறப்படுவாள். பிறகு இயக்குநருக்குப் பணம் கொடுப்பது, நடிகர்களின் பிணக்கைத் தீர்ப்பது, முதல் காட்சியை மேடையேற்றுவது எல்லாம் நம் பாடு. டிராகனோடு மோதும் ஒரு கேமில் இதற்கு இடம் ஒதுக்க எவ்வளவு அன்பு வேண்டும்!

என் தம்பி பாலடினாகவே ஆடி முடித்தவன். அந்த விடுதிக்குள் பலமுறை போய் வந்திருக்கிறான். அங்கே நாடகம் போடலாம் என்று நான் சொன்னபோது நம்பவே இல்லை. அன்றிரவே பார்டு ஒன்றை உருவாக்கி உட்கார்ந்துவிட்டான். புதிய பாகத்தில் கிளாஸ்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, இருக்கும் கிளாஸுக்கு உலகத்தில் ஒரு வேலை கொடுப்பது பெரிது என்று நான் சொல்வது இதனால்தான். 2023-இல் லாரியன் நிறுவனம் வெளியிட்ட மூன்றாம் பாகத்தில் 12 கிளாஸ்கள். ஒவ்வொன்றுக்கும் தனி உரையாடல்கள் உண்டு, அருமையானவை. ஆனாலும் பாணனுக்கென்று ஓர் அரங்கம் அங்கே இல்லை. அந்தக் குறை எனக்கு இன்னும் தீரவில்லை.

கிட் அடுத்த வாரம் கட்டாயம் வரும். கவசமும் வில்லும் தொடக்கூடாத கென்சாயிலிருந்து ஆரம்பிக்கலாம்.

(தொடரும்)