சிறிய அறைக்குச் சிறிய ஸ்பீக்கரே போதும்

ஊரில் கோயிற் கொடியேறினால் பனைமரத்தில் கட்டிய குழாய் லவுட்ஸ்பீக்கர் பாடத் தொடங்கிவிடும். எத்தனை ஊருக்குக் கேட்கிறதோ அத்தனை பெருமை. கல்யாண வீடென்றாலும் அப்படித்தான். அந்தப் பழக்கத்தோடு வந்த நாம், வோபர்னில் மார்க்கம் வீதியோரத் தொடர்மாடி ஒன்றில் குடியேறிய முதல் வருடமே பெரிய ஸ்பீக்கர் ஒரு சோடி வாங்கினோம். பழையது, மலிவு, இடுப்பளவு உயரம். ஒவ்வொன்றிலும் 12 அங்குல வூஃபர். வரவேற்பறையின் இரு மூலைகளிலும் நிறுத்தினோம்.

முதல் நாள் நாதஸ்வரக் கச்சேரி போட்டோம். தவில் மட்டுமே கேட்டது, அதுவும் ஒரே முழக்கமாக. நாதஸ்வரம் கேட்கவேண்டுமென்று ஒலியைக் கூட்டினோம். கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். இரவு வேலை செய்து பகலில் உறங்குபவர். இரண்டாம் தடவை அவர் வரவில்லை. வீட்டு உரிமையாளரின் கடிதம் வந்தது.

இந்தக் கடிதம் பற்றிப் புதிதாக வந்த குடும்பங்கள் அறிந்திருப்பது நல்லது. ஒன்ராறியோவின் 2006 ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டப்படி, அயலவரின் அமைதியைக் குலைத்தால் வீட்டு உரிமையாளர் என்-5 என்னும் அறிவித்தலைத் தரலாம். முதல் அறிவித்தலாயின், 7 நாட்களுக்குள் குறையைத் திருத்திக்கொண்டால் அது செல்லாததாகிவிடும். பின் 6 மாதங்களுக்குள் மீண்டும் குறை நேர்ந்து இரண்டாம் அறிவித்தல் வந்தால் அந்த அவகாசம் இல்லை. ஆனாலும் கடிதத்தைக் கண்டு பயந்து மூட்டை கட்ட வேண்டியதில்லை. வெளியேற்றும் கட்டளையைப் பிறப்பிக்கும் அதிகாரம் வீட்டு உரிமையாளர், வாடகையாளர் சபைக்கே உண்டு.

நாம் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டோம். சில மாதங்கள் வீட்டில் பாட்டே இல்லை. வெள்ளிக்கிழமை தேவாரம் கேட்காமல் அம்மாவுக்குப் பொழுது விடியவில்லை. அப்போதுதான் எங்கே பிழைத்தது என்று தேடத் தொடங்கினோம்.

மூலையில் நடப்பது என்ன?

எங்கள் அறை 12 அடி நீளம், 10 அடி அகலம், 8 அடி உயரம். சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும் ஒலி, சில தொனிகளில் தன்னோடு தானே சேர்ந்து பெருகும். இந்த அளவு அறையில் அது ஏறத்தாழ 47, 56, 70 ஹேர்ட்ஸில் நடக்கும். இவையெல்லாம் அடித்தொனிகள். ஸ்பீக்கரை மூலையில் வைத்தால் இரு சுவர்களும் தரையும் சேர்ந்து அதை இன்னும் தூக்கிவிடும். மேல் தொனிகளைச் சுவர் பெருமளவு தடுக்கும். அடித்தொனி கொங்கிறீற்றையும் கடந்து போகும். ஆகவே எமக்குத் தெளிவில்லை, அயலவருக்கு நித்திரையில்லை.

எதை வாங்கலாம்?

இந்த அளவு அறைக்கு 5 முதல் 6½ அங்குல வூஃபர் கொண்ட, புத்தகத் தட்டில் வைக்கும் அளவிலான ஸ்பீக்கர் போதும். தனியாக சப்வூஃபர் வேண்டாம். வாட்ஸ் கணக்கைப் பார்த்து மயங்காதீர்கள். வலுவை இரட்டிப்பாக்கினாலும் 3 டெசிபெல்தான் கூடும்; காதுக்கு அது சிறு வேறுபாடே. பெட்டியின் பின்புறம் காற்றுத் துளை இருந்தால் சுவருக்கும் அதற்கும் இடைவெளி வேண்டும். இடமில்லாதவர்கள் துளை முன்புறம் உள்ளதையோ, துளையே இல்லாததையோ தேடுங்கள்.

இந்த விடயத்தில் கனடா நல்ல இடம். ஒட்டாவாவில் உள்ள தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃபுளோய்ட் ரூல் என்ற விஞ்ஞானி 1980களில் ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் மறைத்து வைத்துப் பலரைக் கேட்கச் செய்தார். எந்தத் தொனியையும் தூக்காமல் அமுக்காமல் சமமாகத் தருவதையே பெரும்பாலோர் விரும்பினர். பின் 1994 இல் அவரும் ஷோன் ஒலிவும், அமெரிக்காவில், திரை இல்லாமலும் கேட்கச் செய்தனர். கண்ணால் கண்டதும் மதிப்பெண்கள் மாறிவிட்டன. நாம் இடுப்பளவு பெட்டியைக் கண்டு ஏமாந்ததும் இதே கதைதான்.

ஒட்டாவா ஆய்வுகூடத்தைப் பயன்படுத்தி வளர்ந்தவற்றுள் பிஎஸ்பி, பரடைம், எனர்ஜி, மிராஜ் ஆகிய ஒன்ராறியோப் பெயர்களும் உள்ளன. எனர்ஜியையும் மிராஜையும் செய்த நிறுவனம் எங்கள் ஸ்காபரோவிலேயே இருந்தது. 2006 இல் அது அமெரிக்க நிறுவனமொன்றின் கைக்கு மாறியது. இவற்றின் பழைய சோடிகளைப் பாவித்த பொருளாக வாங்கலாம்.

பழையது வாங்கும்போது முன்துணியைக் கழற்றிக் கூம்பின் விளிம்பைப் பாருங்கள். அது ஸ்பொஞ்சாக இருந்தால் காலப்போக்கில் உதிர்ந்துவிடும். கூம்பை இரு விரல்களால் மெல்ல அழுத்துங்கள், உராயும் சத்தம் வரக்கூடாது. கடையிலென்றால் உங்களுக்கு நன்கு பழகிய பாட்டின் சீடியைக் கொண்டுபோங்கள். இரு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது ஒலியளவு ஒன்றாக இருக்கட்டும். கூடச் சத்தமாய்ப் பாடுவது எப்போதும் நல்லதாகவே தோன்றும். வாகனத் தரிப்பிடத்தில் வானை நிறுத்தி, கடைக்குக் கூடுதலாக வந்த ஸ்பீக்கர், பாதி விலை என்பவரிடம் வாங்கவே வேண்டாம். அது பல காலமாக நடக்கும் மோசடி.

எங்கே வைப்பது?

மூலையை விட்டு இரண்டடியாவது வெளியே எடுங்கள். அயல் வீட்டோடு ஒட்டிய சுவரைத் தவிருங்கள். இரண்டுக்கும் இடையே ஆறடி, நீங்கள் இருக்கும் கதிரைக்கும் அதே தூரம். உச்சத்தொனி தரும் சிறு ஸ்பீக்கர் காது மட்டத்தில் இருக்கட்டும். தரையில் கம்பளம், யன்னலில் தடித்த திரை. வயரைப் பூட்டும்போது சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு.

சரியாக வைத்தோமா என்று அறிய ஒரு வழி உண்டு. 1960களின் சினிமாப் பாடல்கள் பெரும்பாலும் மோனோ, அதாவது ஒரே தடத்தில் பதிவானவை. அப்படி ஒன்றைப் போட்டு நடுவில் இருந்து கேளுங்கள். பாடகரின் குரல் இரு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே வரவேண்டும். குரல் எங்கும் நிலைக்காமல் சிதறி, அடித்தொனியும் மெலிந்தால் ஒரு பக்க வயர் மாறியிருக்கிறது.

பெரிய சோடியை விற்றுச் சிறிய சோடி ஒன்று வாங்கினோம். அம்மாவைக் கதிரையில் இருத்தி ஒரு பழைய பாட்டைப் போட்டோம். அவர் இரண்டு பெட்டிகளையும் பார்க்கவில்லை. நடுவே இருந்த வெறும் சுவரைப் பார்த்து, "றேடியோவை எங்கை பிள்ளை வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டார்.

கீழ் வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, அவர் உறங்கும் நேரத்தையும் கேட்டு எழுதி வைத்திருக்கிறோம். அந்தத் துண்டு அம்பிளிபயரின் மேலேயே ஒட்டியிருக்கிறது. ஸ்பீக்கர் வாங்கப் போகுமுன் நீங்களும் அதை முதலில் கேட்டுவிடுங்கள்.