இமயத்தின் கல்லும் பிளவும்

கங்கை பிறக்கும் இடம் என்று போற்றப்படும் கங்கோத்திரிப் பனியாற்றின் அருகே, பாகீரதி என்னும் பெயருடைய மூன்று சிகரங்கள் நிற்கின்றன. மூன்றும் கடல் மட்டத்துக்கு மேல் 6,400 மீட்டருக்கும் அதிகமான உயரம் உடையவை. அவற்றுள் மூன்றாவது சிகரத்தின் நிழற்படத்தைப் பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். அடியிலிருந்து நெடுந்தூரம் வரை அந்த மலை வெளிறிய கல்லால் ஆகியிருக்கிறது. உச்சிப் பகுதி மட்டும் கரிய கல்லாக இருக்கிறது. வெண்மை முடிந்து கருமை தொடங்கும் எல்லை தொலைவிலிருந்தே தெளிவாகத் தெரிகிறது.

நேயர்களே, இவ்விரு கற்களுள் எது மூத்தது? எது இளையது? இந்த வினாவை நான் மாணவர்களிடம் கேட்பதுண்டு. அடியில் இருப்பதே மூத்தது என்றுதான் பெரும்பாலோர் விடை கூறுவர். நெல் மூட்டைகளை அடுக்கும்போது அடி மூட்டையைத்தானே முதலில் வைக்கிறோம்? ஆற்றிலும் கடலிலும் மண் படியும் முறையும் அதுவே. ஆயினும், பாகீரதிச் சிகரத்துக்கு இந்த விடை பொருந்தாது. உச்சியிலுள்ள கரிய கல் பன்னெடுங் காலத்துக்கு முன்பு கடலடியில் சேறாகப் படிந்து இறுகியது. அடியிலுள்ள வெண்ணிறக் கல்லோ சுமார் 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான் தோன்றியது. பாட்டனைத் தோளில் சுமந்து நிற்கும் பேரனைப் போல, இளைய கல் மூத்த கல்லைச் சுமந்து நிற்கிறது. இது எவ்வாறு நேர்ந்தது என்பதைக் கேட்டறிந்தால், உயர்ந்த மலைகள் எழும் முறையே நமக்கு விளங்கிவிடும்.

அந்த வெண்ணிறக் கல்லின் பெயர் கிரானைட். படிகக் கல், ஃபெல்ஸ்பார், அப்பிரகம் ஆகிய கனிமங்கள் மணி மணியாகக் கோத்து அமைந்த கல் அது. கங்கோத்திரிக் கிரானைட்டில் கரிய ஊசிகளைப் போன்ற டூர்மலின் என்னும் கனிமமும் காணப்படும்.

கிரானைட் எவ்வாறு தோன்றுகிறது என்பது 18ஆம் நூற்றாண்டில் பெரிய வழக்காக இருந்தது. ஜெர்மனியில் சுரங்கக் கல்லூரி ஆசிரியராக விளங்கிய வெர்னர், ஆதியில் உலகைச் சூழ்ந்திருந்த கடல்நீரிலிருந்தே பாறைகள் படிந்தன என்றும், அவற்றுள் கிரானைட்டே முதலில் தோன்றியது என்றும் கற்பித்தார். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹட்டன் இதை ஏற்கவில்லை. 1785ஆம் ஆண்டில் அவர் டில்ட் என்னும் ஆற்றின் பள்ளத்தாக்குக்குச் சென்று, ஆற்றுப் படுகைப் பாறைகளை ஆராய்ந்தார். சிவந்த கிரானைட், கரிய பாறையின் இடுக்குகளுக்குள் நரம்புகளைப் போல ஓடி, அதைக் குறுக்கே வெட்டிக் கிடந்தது. கிரானைட் முதலில் தோன்றியிருந்தால், பின்னர் வந்த பாறையின் வெடிப்புகளுக்குள் அது எப்படிப் புகுந்திருக்க முடியும்? ஆகவே, கரிய பாறை முன்னரே இருந்தது; கிரானைட் உருகிய குழம்பாக வந்து அதனுள் புகுந்து உறைந்தது என்று ஹட்டன் முடிவு செய்தார். வெட்டுவது இளையது, வெட்டுண்டது மூத்தது என்னும் விதியை நில இயலார் இன்றும் கைக்கொள்கின்றனர். பாகீரதிச் சிகரத்திலும் நிகழ்ந்தது இதுவே. கரிய பாறையின் கீழே உருகிய குழம்பு புகுந்து தேங்கி, மெல்ல மெல்லக் குளிர்ந்து கிரானைட் ஆயிற்று.

இனிப் பிளவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாறையில் காணும் வெடிப்பெல்லாம் நான் இங்குக் கூறும் பிளவு ஆகாது. வெடிப்பின் இரு பக்கத்துப் பாறைகளும் ஒன்றையொன்று உரசி இடம் பெயர்ந்திருந்தால்தான் அது பெயர்ச்சிப் பிளவு எனப்படும். இதன் வகைகளுள் இரண்டை இங்கு அறிந்தால் போதும். இரு புறமும் நெருக்கும்போது, சாய்ந்த பிளவின் மேற்பக்கத்துப் பாறை கீழ்ப்பக்கத்துப் பாறையின்மீது ஏறும். இதை ஏற்றப் பிளவு என்போம். மேற்பக்கத்துப் பாறை சறுக்கி இறங்கினால் அதைச் சரிவுப் பிளவு என்போம்.

ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, வடக்கு நோக்கி நகர்ந்து வந்த இந்திய நிலப்பாளம் ஆசிய நிலப்பாளத்தோடு மோதியது. அந்த நெருக்குதலில் நிலத்தின் மேலோடு மடிந்தது, பிளந்தது, ஒன்றன்மீது ஒன்றாக ஏறியது. சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர்களாகிய ஆர்னால்ட் ஹைம், அகஸ்ட் கான்ஸர் ஆகிய இருவரும் 1936ஆம் ஆண்டில் இமயத்தின் நடுப்பகுதியில் ஆராய்ச்சிப் பயணம் செய்தனர். ஆழத்தில் வெந்து உருமாறிய பாறைகள், அத்துணை வெப்பம் காணாத பாறைகளின்மீது ஏறிக் கிடப்பதை அவர்கள் விளக்கி எழுதினர். அந்த எல்லையே நடு இமய ஏற்றப் பிளவு எனப்படுவது.

நெருக்குண்டு எழும் மலையில் ஏற்றப் பிளவுகள் இருப்பது இயல்பு. ஆனால், 1980-களில் நில இயலார் எதிர்பாராத ஒன்றைக் கண்டறிந்தனர். இமயத்தின் வடபுறத்தில், அதன் நீளத்தின் பெரும்பகுதிக்கும் ஒரு மாபெரும் சரிவுப் பிளவு செல்கிறது! எவரெஸ்ட் சிகரத்தையே அது வெட்டுகிறது. அச்சிகரத்தின் உச்சி 40 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடைய சுண்ணாம்புப் பாறை. கடல்வாழ் உயிர்களின் எச்சங்கள் அதில் உள்ளன. அதன் கீழே பிளவு. பிளவுக்கும் கீழே, ஆழத்தில் வெந்த பாறைகளும் அவற்றை ஊடுருவிய வெண்ணிறக் கிரானைட்டும் இருக்கின்றன. அருகிலுள்ள நுப்ட்சே சிகரத்தின் செங்குத்துச் சுவரில் இந்தக் கிரானைட் பெருந்திரளாகத் தெரிகிறது. 8,485 மீட்டர் உயரமுள்ள மகாலு சிகரமோ பெரும்பாலும் கிரானைட்டாலேயே ஆனது. ஒரு காலத்தில் பல கிலோமீட்டர் ஆழ வேறுபாட்டில் இருந்த பாறைகளை இந்தப் பிளவு அருகருகே கொண்டுவந்துவிட்டது.

ஈரமான புளியங்கொட்டையை இரு விரல்களுக்கிடையே வைத்து அழுத்தினால், அது நழுவி வெளியே பாய்கிறதல்லவா? கீழே ஏற்றப் பிளவு, மேலே சரிவுப் பிளவு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெப்பமான பாறைத் திரள் அவ்வாறே தெற்கு நோக்கி மேலெழுந்தது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

இந்தப் பிளவுகளுக்கும் கிரானைட்டுக்கும் உள்ள உறவு மிக நெருங்கியது. உதகமண்டலத்தில் தண்ணீர் 100 பாகை வெப்பம் எய்துமுன்பே கொதித்துவிடுகிறது. அங்கே காற்றின் அழுத்தம் குறைவு என்பது காரணம். அழுத்தம் குறைந்தால் குறைந்த வெப்பத்திலேயே நீர் கொதிப்பது போல, ஆழத்திலுள்ள வெப்பமான பாறைகள் பலவும் பாரம் குறையும்போது எளிதில் உருகுகின்றன. பிளவுகளின் வழியே பாறைத் திரள் மேலெழ எழ, அதன்மீதிருந்த பாரம் குறைந்தது. வெள்ளை அப்பிரகத்தின் உள்ளமைப்பில் கட்டுண்டிருந்த நீரும் விடுபட்டு உருகுதலுக்குத் துணை செய்தது. அவ்வாறு தோன்றிய குழம்பு, சுற்றியுள்ள பாறையைவிட எடை குறைந்ததாதலால், வெடிப்புகளின் வழியே மேலேறி, சரிவுப் பிளவின் அடியில் பல இடங்களில் தேங்கி உறைந்தது. ஆகவே, இமயத்தின் இந்த வெண்ணிறக் கிரானைட், நில மேலோட்டுப் பாறையே உருகி உண்டானது. கங்கோத்திரி, மனாஸ்லு, மகாலு முதலிய இடங்களில் உள்ள இவ்வகைக் கல்லின் பெரும்பகுதி, சுமார் 2½ கோடி ஆண்டுகளுக்கும் 1½ கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்தது.

இந்தக் காலக் கணக்கை எவ்வாறு அறிந்தனர்? கிரானைட் உறையும்போது சிர்கான் முதலிய நுண்ணிய மணிகள் அதில் உண்டாகின்றன. அவற்றில் சிறிதளவு யுரேனியம் அடங்கியிருக்கும். யுரேனியம் மாறாத வேகத்தில் சிதைந்து ஈயமாக மாறிக்கொண்டே இருக்கும். எவ்வளவு யுரேனியம் எஞ்சியது, எவ்வளவு ஈயம் சேர்ந்தது என்று அளந்தால், அந்த மணி தோன்றிய காலம் தெரிந்துவிடும்.

பிளவுக்குள் இத்தகைய மணி இருப்பது அரிது. அதன் காலத்தை அறியவும் கிரானைட்டே துணை செய்கிறது. கோயில் மதிலில் தீட்டிய காவிப் பட்டையை எண்ணிப் பாருங்கள். மதில் பிளந்து, பட்டையின் ஒரு பாதி மேலும் மறு பாதி கீழுமாக விலகியிருந்தால், பட்டை தீட்டிய பிறகே மதில் இடம் பெயர்ந்தது என்பது தெளிவு. பட்டை பிளவின்மீது நேராகக் கடந்து சென்றால், மதில் அசைந்து ஓய்ந்த பிறகே பட்டை தீட்டப்பட்டது என அறியலாம். மலையில் கிரானைட் நரம்புகளே அந்தக் காவிப் பட்டைகள். நரம்பை வெட்டிய பிளவு நரம்பினும் இளையது. நரம்பால் கடக்கப்பட்ட பிளவு அந்நாளிலேயே ஓய்ந்தது. இவ்வாறு எந்தப் பிளவு எப்போது இயங்கியது, எப்போது உறங்கியது என்பதை ஆண்டுக் கணக்கில் கூற முடிகிறது.

இதைக் கற்பதால் பயன் என்ன என்று சிலர் கேட்கக் கூடும். இமயத்தின் அடிவாரத்திலும் பள்ளத்தாக்குகளிலும் கோடிக்கணக்கான மக்கள் வாழ்கின்றனர். அவர்களுடைய உயிர் இந்த அறிவைப் பொறுத்தது. நிலப்பாளங்களின் மோதல் இன்னும் நிற்கவில்லை. ஆண்டுதோறும் சுமார் 2 சென்டிமீட்டர் அளவு இமயம் நெருக்குண்டு வருகிறது. இயக்கம் முன்னிருந்த பிளவுகளிலிருந்து தெற்கே தோன்றிய இளைய பிளவுகளுக்குப் படிப்படியாக மாறியிருக்கிறது. இவையெல்லாம் ஆழத்தில் ஒரே பெரும் பிளவில் சென்று சேர்கின்றன. அப்பெரும் பிளவு பல இடங்களில் பூட்டியதுபோல் அசையாது கிடக்கிறது. ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் என்றால் நூறு ஆண்டுகளில் 2 மீட்டர் ஆகிறது. அவ்வாறு சேர்ந்த கடன் சில விநாடிகளில் தீர்க்கப்படுவதே நில நடுக்கம்.

1905இல் காங்கடாவிலும், 1934இல் பீகார்–நேபாள எல்லையிலும், 1950இல் அசாமிலும் பெரும் நடுக்கங்கள் நிகழ்ந்தன. 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் அந்த ஆழப் பிளவு நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்துக்கு நழுவியது. காத்மாண்டு நகரம் ஒரு மீட்டருக்கும் மேலாகத் தெற்கே நகர்ந்தது. ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர்ந்தது. வடக்கேயுள்ள உயர்ந்த மலைப்பகுதி சில இடங்களில் அரை மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. ஏறத்தாழ 9,000 பேர் மாண்டனர். காத்மாண்டுப் பள்ளத்தாக்கு முன்னொரு காலத்தில் ஏரியாக இருந்த வண்டல் நிலமாதலால், அங்கே அதிர்வு வலுப்பெற்றது.

கங்கோத்திரிக்குச் செல்லும் வழியிலுள்ள உத்தரகாசியில் 1991 அக்டோபரில் நிகழ்ந்த நடுக்கம் எழுநூறுக்கு மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. அதே மாவட்டத்தில், கோட்டி பனால் முதலிய சிற்றூர்களில், மரச் சட்டங்களையும் கல்லையும் மாற்றி மாற்றி அடுக்கிக் கட்டிய பழைய மாடி வீடுகள் அந்த அதிர்வைத் தாங்கி நின்றன. அவற்றைக் கட்டியவர்கள் பிளவுகளைப் பற்றிய நூல்களைக் கற்றவர்கள் அல்லர். தங்கள் நிலம் அசையும் நிலம் என்பதை அனுபவத்தால் அறிந்து, அதற்கேற்ப வீடு கட்டினார்கள்.

மாணவர்களே, உங்களில் சிலர் நாளை பொறியாளர்களாகி அந்த மலைகளில் பாலமும் அணையும் சுரங்க வழியும் அமைக்கச் செல்வீர்கள். வரைபடத்தை விரிக்குமுன் அங்குள்ள கல்லைப் பாருங்கள். எது எதை வெட்டுகிறது, எது எதன்மீது ஏறியிருக்கிறது, பிளவு இன்னும் அசைகிறதா என்று கேளுங்கள். அதன் பிறகு அடிக்கல் நாட்டுங்கள்.