நீதிமன்றிற் கணக்காளர்

வாதி கூறுவது ஒன்று. பிரதிவாதி கூறுவது வேறொன்று. இருவர் கணக்கேடுகளும் மூட்டை மூட்டையாக மன்றின்முன் கிடப்பின், நீதிபதி உண்மையை எங்ஙனம் துணிவார்? இவ்விடத்தே வேண்டப்படுபவர் தடயவியற் கணக்காளர்.

பொதுவாகச் சாட்சி என்பவர் தாம் கண்டதையும் கேட்டதையுமே கூறலாம், கருத்துரைத்தல் ஆகாது. நிபுணர் இவ்விதிக்குப் புறனடையாவர். இலங்கையில் 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், 45ஆம் பிரிவில், அறிவியல், கலை முதலியவற்றில் தனித்தேர்ச்சி பெற்றோரின் கருத்துக்கு இடமளிக்கின்றது. இங்கிலாந்திலே 1817இல், மேயர் எதிர் செவ்ரன் என்னும் வழக்கில், முறிவடைந்த ஒருவரின் ஏடுகள் மன்றில் ஆராய்தற்கியலாப் பெருக்கின எனக் கண்டு, அவற்றை ஆய்ந்த கணக்காளர் தம் முடிபைக் கூற அனுமதிக்கப்பட்டார். அமெரிக்காவிலே 1931இல் அல் கப்போன் வரி ஏய்ப்புக்காக 11 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றமைக்கும் அரசாங்க அலுவலர் துருவிக் கண்ட கணக்கேடுகள் பெருந்துணையாயின.

எனினும், ஒரு கட்சியாரிடம் ஊதியம் பெறுபவர் நடுவுநிலை பிறழாரோ என்னும் ஐயம் எழும். 1993இல் ‘இக்காரியன் றீபர்’ என்னும் கப்பல் பற்றிய ஆங்கில வழக்கில் நீதியரசர் கிரெசுவெல் இதற்கு விடை பகர்ந்தார். நிபுணர் கருத்து எவர் சார்பும் அற்றதாதல் வேண்டும். அதற்கு மாறான செய்திகளை அவர் மறைத்தலாகாது. தம் துறைக்கு அப்பாற்பட்டதை அவ்வாறே ஒப்புதல் வேண்டும். 1999இல் நடைமுறைக்கு வந்த ஆங்கிலக் குடியியல் நடைமுறை விதிகளும், ஊதியம் தருவோர்க்குரிய கடமையினும் மன்றுக்குரிய கடமையே மேலானது என வகுத்தன.

பணம் எங்கிருந்து எங்குச் சென்றது என விளக்குதலே கணக்காளர் பணி. குற்றவாளி யார் எனத் துணிதல் மன்றின் பணி. இவ்வெல்லை மீறப்படின், குற்றமற்ற ஒருவர் சிறைபுகவும், கரவுடையார் தப்பிச் செல்லவும் கூடும். ஆதலின் எண்ணறிவினும் நேர்மையே இவர்க்கு முதற்றகுதியாம்.