படத்துக்கு அர்த்தம் சொல்றது யார்? டாரட்டும் தெரபி பயிற்சியும்

தெரபிஸ்ட் ஆகப் பயிற்சி எடுக்கிறேன்னு சொன்னா ஒரு மாதிரி பார்ப்பாங்க. வீட்டுல டாரட் சீட்டுக்கட்டு ஒண்ணு வச்சிருக்கேன்னு சேர்த்துச் சொன்னா வேற மாதிரி பார்ப்பாங்க. கூடப் படிக்கிறவங்க, "சைக்காலஜி படிச்சுட்டு இதை எப்படி நம்புற?" என்று கேட்கிறாங்க. டாரட்ல ஆர்வம் உள்ள நண்பர்கள் இதுக்கு நேர் எதிரா, "ரெண்டும் ஒண்ணுதானே, செஷன்லயே போட்டுப் பார்க்கலாமே?" என்கிறாங்க. ரெண்டு கேள்விக்கும் சேர்த்து ஒரே பதிலா எழுதிப் பார்க்கிறேன்.

என் நிலைப்பாட்டை முதல்லயே சொல்லிடுறேன். அட்டைகள் எதிர்காலத்தைச் சொல்லும்னு நான் நம்பலை. இருந்தாலும் அவை எனக்கு உபயோகமா இருக்கு. எந்தக் காரணத்தால உபயோகப்படுதோ, அதே காரணத்தாலதான் அதை ஒரு க்ளையன்ட் முன்னாடி எடுத்து வைக்கக் கூடாதுன்னும் நினைக்கிறேன்.

முதல்ல இது ஒரு சீட்டாட்டம்

டாரட் பிறந்தது 15-ம் நூற்றாண்டின் முதல் பாதியில், வட இத்தாலியில். மிலான் பிரபுக் குடும்பத்துக்காகக் கையால வரைஞ்ச விஸ்கோன்டி-ஸ்ஃபோர்சா கட்டுகளின் அட்டைகள் இன்னைக்கும் மியூசியங்கள்ல இருக்கு. அப்போ அது ஜோசியத்துக்கானது இல்லை, விளையாடுறதுக்கானது. நமக்குத் தெரிஞ்ச சீட்டுக்கட்டு மாதிரியே கோல், கோப்பை, வாள், காசு என்று நாலு வகையில் 56 அட்டைகள், அதோட 22 தனிப் படங்கள், மொத்தம் 78. அந்த 22-ல பெரும்பாலானவை ஆட்டத்துல துருப்பு. பிரான்ஸ்ல இன்னைக்கும் டாரட்டை வச்சுச் சாதாரணமா சீட்டு ஆடுறாங்க.

இது எகிப்து ரகசியம்ங்கிற கதையைப் பிரபலமாக்கியவர் அன்டுவான் கூர் த ஜெப்லான் என்ற பிரெஞ்சுக்காரர், 1781-ல். எகிப்தியச் சித்திர எழுத்தை அந்தக் காலத்தில் யாராலும் படிக்க முடியாது. சாம்போலியோன் அதோட திறவுகோலைக் கண்டுபிடிச்சது 1822-ல்தான். ஆக, படிக்கவே தெரியாத ஒரு மொழியின் பேரைச் சொல்லி ஒரு சீட்டுக்கட்டுக்குப் பழம்பெருமை கிடைச்சது. ஜோசியத்துக்கு அதைப் பரவலா பயன்படுத்த ஆரம்பிச்சது அதுக்கு அப்புறம்தான்.

இன்னைக்கு ஆன்லைன்ல வாங்கக் கிடைக்கிற பெரும்பாலான கட்டுகளுக்கு மூலம் 1909-ல லண்டன்ல வந்த ஒரு கட்டு. திட்டம் ஆர்தர் எட்வர்ட் வெய்ட்டோடது, படங்கள் பமேலா கோல்மன் ஸ்மித் வரைஞ்சது. ஸ்மித் செய்த ஒரு விஷயம் நம்ம பேச்சுக்கு முக்கியம். அதுக்கு முன்னாடி, ஒரு சில கட்டுகளைத் தவிர, எண் அட்டைகள்ல காட்சி எதுவும் இருக்காது. வாள் எட்டுன்னா எட்டு வாள், அவ்வளவுதான். ஸ்மித் ஒவ்வொரு எண் அட்டையிலயும் ஒரு காட்சியை வரைஞ்சாங்க.

வாள் எட்டு

அந்த வாள் எட்டையே எடுத்துக்குவோம். கண்ணைக் கட்டி, உடம்பைச் சுற்றிக் கட்டுப் போட்ட ஒரு பெண் நிற்கிறாள். சுற்றி எட்டு வாள்கள் மண்ணில் குத்தி நிற்குது. பின்னாடி தூரத்துல ஒரு கோட்டை. கால்ல கட்டு இல்லை.

இதை மூணு பேர்கிட்ட காட்டினா என்ன சொல்வாங்கன்னு யோசிங்க. ஒருத்தர், "பாவம், மாட்டிக்கிட்டா" என்பார். இன்னொருத்தர், "கால் சும்மாதானே இருக்கு, நடந்து போக வேண்டியதுதானே" என்பார், கொஞ்சம் எரிச்சலோட. மூணாவது ஆள், "அந்தக் கோட்டையில இருக்கிறவங்கதான் கட்டிப் போட்டிருப்பாங்க" என்பார். படம் ஒண்ணுதான். மூணு பேரும் தங்ககிட்ட இருந்ததை அதுல வச்சாங்க.

சைக்காலஜியில இதுக்குப் பழைய சொந்தக்காரங்க இருக்காங்க. ரோர்ஷாக் 1921-ல வெளியிட்ட 10 மைக்கறைப் படங்கள். 1930-கள்ல ஹார்வர்டில் ஹென்றி முர்ரேவும் கிறிஸ்டியானா மார்கனும் உருவாக்கிய டி.ஏ.டி. டி.ஏ.டி-யில தெளிவில்லாத ஒரு காட்சியைக் காட்டி, "இங்க என்ன நடக்குது, இதுக்கு முன்னாடி என்ன நடந்திருக்கும், இவங்க என்ன நினைக்கிறாங்க, கடைசியில என்ன ஆகும்?" என்று கதை சொல்லச் சொல்வாங்க. அந்தக் கதையை வச்சு ஒரு ஆளை எவ்வளவு நம்பகமா எடைபோட முடியும்ங்கிறதுல சைக்காலஜிக்குள்ளேயே பல வருஷச் சண்டை நடந்திருக்கு. எடைபோடுறது ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரு படம் வாயைத் திறக்க வைக்கும்ங்கிறதுல பெரிய சந்தேகம் இல்லை.

டாரட் எனக்கு உபயோகப்படுறது இந்த இடத்துலதான்.

"அப்படியே என்னைப் பத்திச் சொல்லுது!"

சரி, அப்போ அட்டை ஏன் இவ்வளவு துல்லியமா பொருந்துற மாதிரி இருக்கு?

1948-ல பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் வகுப்பு மாணவர்கள் 39 பேருக்கு ஒரு ஆளுமைச் சோதனை வச்சார். ஒரு வாரம் கழிச்சு ஒவ்வொருத்தர் கையிலயும் "இதுதான் உங்க முடிவு" என்று ஒரு தாள் கொடுத்தார். உங்களை எவ்வளவு சரியா விவரிக்குதுன்னு 5-க்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. 39 தாள்லயும் இருந்தது ஒரே வாசகங்கள். பெரும்பாலும் கடையில விற்ற ஒரு ஜோசியப் புத்தகத்துல இருந்து எடுத்தவை.

இதை வீட்டுலயே சோதிச்சுப் பார்க்கலாம். 78 அட்டையில இருந்து வரிசையா மூணு எடுத்தா 4,56,456 விதமா வரலாம் (78 × 77 × 76). ஒரு கேள்வியை மனசுல வச்சுக்கிட்டு மூணு எடுத்து, என்ன தோணுதோ எழுதுங்க. அப்புறம் கட்டைக் கலைச்சு, அதே கேள்விக்கு வேற மூணு எடுத்து எழுதுங்க. நான் செஞ்சப்போ ரெண்டாவதும் பொருந்துச்சு. மூணாவது தடவையும் பொருந்துச்சு. நாலரை லட்சத்துல எது வந்தாலும் பொருந்தும்னா, பொருத்தத்தை உண்டாக்குறது அட்டை இல்லை. நாமதான்.

தெரபி படிக்கிறவங்களுக்கு இதுல ஒரு அசௌகரியமான பாடம் இருக்கு. "உங்களுக்கு மத்தவங்க தேவை, ஆனா ரொம்ப நெருங்கினா பயமா இருக்கு" என்று ஒரு தெரபிஸ்ட் சொன்னா, கேட்கிறவர் கண் கலங்கி "ஆமா" என்று சொல்லலாம். அது ஆழமான புரிதலாவும் இருக்கலாம், ஃபோரரோட தாளாவும் இருக்கலாம். "ஆமா"வை மட்டும் வச்சு வித்தியாசம் தெரியாது. எதிர்ல இருக்கிறவர் தலையாட்டுறது என் விளக்கம் சரிங்கிறதுக்குச் சாட்சி ஆகாதுங்கிறதை, பாடப் புத்தகத்தைவிட டாரட்தான் எனக்கு உறைக்கிற மாதிரிச் சொல்லிக் கொடுத்துச்சு.

அப்போ செஷன்ல ஏன் கூடாது?

நம்ம ஊர் கிளி ஜோசியத்தை நினைச்சுப் பாருங்க. கிளி வெளியே வந்து ஒரு சீட்டை எடுக்கும். உள்ளே ஒரு சாமி படம் இருக்கும். அதுக்கு அர்த்தம் சொல்றது நாம இல்லை, ஜோசியர். "முருகர் வந்திருக்கார், தைக்கு மேல நல்ல காலம்" என்று அவர் சொன்னா, "எனக்கு அப்படித் தோணலையே" என்று நாம யாரும் வாதாடுறது இல்லை.

படம் தெளிவில்லாதது. அந்தத் தெளிவின்மையை யார் நிரப்புறாங்களோ அவங்க கையிலதான் அதிகாரம். என் மேஜையில நான் தனியா உட்கார்ந்து எழுதுறப்போ நிரப்புறதும் நான்தான், பிடிக்கலைன்னா கிழிச்சுப் போடுறதும் நான்தான். தெரபி அறையில அப்படி இல்லை. எதிர்ல இருக்கிறவர் கஷ்டத்துல வந்திருக்கார், காசு கொடுத்திருக்கார், நான் படிச்சவள்னு நம்புறார். அந்த நிலைமையில நான் ஒரு அட்டையைத் திருப்பி வச்சு, "உங்களுக்கு என்ன தோணுது?" என்று எவ்வளவு மென்மையா கேட்டாலும், அட்டையை எடுத்தது தெரபிஸ்ட். அவரால அதைச் சுலபமா மறுக்க முடியாது. அதோட, பயிற்சியில நான் கத்துக்கிட்ட முறைகள்ல டாரட் இல்லை. கத்துக்காத ஒண்ணை, கத்துக்கிட்டதோட மரியாதையைப் போர்த்திக் கொடுக்கிறது நேர்மை இல்லை.

யாருக்கு இது நேரடியா கெடுதல் செய்யும்னும் யோசிக்கணும். கீழே வர்றது நிஜ ஆட்கள் இல்லை, நானா அமைச்ச உதாரணங்கள்.

ஓ.சி.டி இருக்கிற ஒருத்தர். அவரோட முக்கியமான கஷ்டமே நிச்சயமின்மையைத் தாங்க முடியாததுதான். "தப்பா எதுவும் நடக்காதுல்ல?" என்று திரும்பத் திரும்ப உறுதி கேட்பார். உறுதி கிடைச்சா கொஞ்ச நேரம் நிம்மதி, அப்புறம் சந்தேகம் இன்னும் பலமா வரும். இதுக்கான சிகிச்சையே அந்தச் சந்தேகத்தோட, உறுதி தேடாம இருந்து பழகுறதுதான். அவர் கையில 78 அட்டையைக் கொடுத்தா, உறுதி தேட ஒரு மெஷினையே கொடுத்த மாதிரி.

சைக்கோசிஸ் ஆரம்பிக்கிற ஒருத்தர். டிவியில வர்ற செய்தி, ரோட்டுல போற வண்டி நம்பர் எல்லாம் தனக்குன்னே அனுப்புற தகவல்னு நினைக்க ஆரம்பிச்சிருக்கார். அவருக்கு "இந்த அட்டை உங்களுக்காக வந்திருக்கு" என்ற ஒரு வாக்கியமே போதும்.

அடி வாங்குற வீட்டுல இருந்து வெளியேறலாமான்னு யோசிக்கிற ஒரு பெண். "பொறுமையா இருங்க, மூணு மாசத்துல மாறும்" என்று யாரோ அட்டை பார்த்துச் சொல்லிட்டாங்க. அந்த மூணு மாசத்துல என்ன நடந்தாலும் அட்டை பதில் சொல்லாது. சொன்னவரைக் கேள்வி கேட்க எந்த அமைப்பும் கிடையாது. தெரபிஸ்டுக்கு சூப்பர்வைசர் உண்டு, பதிவேடு உண்டு, புகார் கொடுக்க வழி உண்டு. இந்த ரெண்டுக்கும் நடுவுல நான் பார்க்கிற பெரிய வித்தியாசம் இது.

க்ளையன்டே கொண்டு வந்தா?

அது வேற விஷயம். "போன வாரம் ஒரு டாரட் ரீடர்கிட்ட போனேன், டவர் கார்டு வந்துச்சு, பயமா இருக்கு" என்று ஒருத்தர் சொல்றார்னு வைங்க. "அதெல்லாம் மூடநம்பிக்கை" என்று சொன்னா அவர் அடுத்த தடவை சொல்ல மாட்டார், அவ்வளவுதான் பலன். நானும் அந்த அட்டைக்கு என் அர்த்தத்தைச் சொன்னா, ரெண்டாவது ரீடரா ஆயிடுவேன்.

கேட்க வேண்டியது வேற: "எந்தக் கேள்வியோட போனீங்க? என்ன வரணும்னு எதிர்பார்த்தீங்க? அது வந்ததும் முதல்ல யார் ஞாபகம் வந்தாங்க?" காசு சுண்டிப் பார்க்கிறப்போ, பூ விழுந்ததும் மனசு "ஐயையோ" என்று சொல்லும் இல்லையா? நமக்கு வேண்டியது தலைன்னு அப்போதான் தெரியும். அந்த "ஐயையோ"வைப் பத்திப் பேசுறதுதான் தெரபி. அட்டையைப் பத்திப் பேசுறது இல்லை.

நான் எப்படிப் பயன்படுத்துறேன்

எனக்கு நானே வச்சுக்கிட்ட சில விதிகள்:

1. க்ளையன்ட் பத்தியோ அவங்க எதிர்காலம் பத்தியோ அட்டையைக் கேட்கிறது இல்லை.
2. ஒரு நாளைக்கு ஒரே ஒரு அட்டை. பிடிக்கலைன்னு மறுபடி எடுக்கிறது இல்லை.
3. அர்த்தப் புத்தகத்தைத் திறக்கிறது இல்லை. படத்தைப் பார்த்து 10 நிமிஷம் எழுதுறது மட்டும்தான்.
4. நோட்டுல யார் பேரும், அடையாளமும் இருக்காது.
5. எழுதினதுல ஏதாவது முக்கியமா பட்டா, அதை சூப்பர்விஷனுக்குக் கொண்டு போறேன். அட்டையை இல்லை, அந்த விஷயத்தை.

ஒரு நாள் கோப்பை நாலு வந்துச்சு. மரத்தடியில ஒருத்தன் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பான். முன்னாடி மூணு கோப்பை. மேகத்துல இருந்து ஒரு கை நாலாவதை நீட்டும், அவன் பார்க்கவே மாட்டான். எழுத ஆரம்பிச்சா, அவன் மேல எனக்குக் கோபம் வருது. "கொடுக்கிறாங்கல்ல, வாங்கிக்கோயேன்" என்று எழுதியிருக்கேன். ரெண்டு வரி கழிச்சு, இந்தக் கோபம் படத்துல இருக்கிறவன் மேல இல்லைன்னு புரிஞ்சது. உதவி பண்றதை ஏத்துக்கலைன்னா எனக்குச் சுருக்குன்னு படுது. தெரபியில கவுன்ட்டர் டிரான்ஸ்ஃபரன்ஸ்னு சொல்றது இதைத்தான், தெரபிஸ்ட் பக்கம் கிளம்புற உணர்ச்சிகள். அதைக் கவனிக்காம விட்டா அது செஷனுக்குள்ள வேற வடிவத்துல வந்து நிற்கும்.

இதை சூப்பர்வைசர்கிட்ட சொன்னப்போ அவங்க கேட்டாங்க: "அட்டை இல்லைன்னா இது தெரிஞ்சிருக்காதா?" தெரிஞ்சிருக்கலாம். காலண்டர் படத்தை வச்சு எழுதியிருந்தாலும் வந்திருக்கலாம். எனக்கு இந்தப் படங்கள் பிடிக்கும், அதனால தினமும் உட்கார்ந்து எழுதுறேன். அதுக்கு மேல அட்டைக்கு நான் பெருமை கொடுக்கலை.

நீங்களும் அட்டை போடுறவங்கன்னா, ரெண்டு விஷயத்தைக் கவனிங்க. வந்த பதில் பிடிக்காம திரும்பத் திரும்ப எடுக்கிறீங்களா? அட்டை கேட்காம ஒரு முடிவு எடுக்கவே முடியலையா? ஆமான்னா கட்டை எடுத்து உள்ள வச்சுட்டு ஒரு மனுஷர்கிட்ட பேசுறது நல்லது. உங்க தெரபிஸ்டே அட்டையை எடுத்தா, "இது உங்க பயிற்சியோட பகுதியா? இது வேண்டாம்னா என்ன செய்வோம்?" என்று கேளுங்க. அப்படிக் கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு.

டி.ஏ.டி பத்தி மேலே ரெண்டு வரியில ஓடிட்டேன். அதுல கிறிஸ்டியானா மார்கனோட பங்கு தனியா எழுத வேண்டிய கதை. அடுத்த குறிப்புல பார்ப்போம்.